ஜமாஅத் தொழுகையின் மதிப்பு: அணியிலிருந்து மஹல்லாவுக்கு – கோரிமேட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

இஸ்லாத்தில் ஐவேளைத் தொழுகையைத் தனித்துத் தொழுதாலும் கடமை நிறைவேறும். ஆயினும் கூடித் தொழுவது பன்மடங்கு சிறப்புடையது என்று நபிமொழிகள் கூறுகின்றன. இச்சிறப்பு பெரும்பாலும் நன்மையின் எண்ணிக்கையாகவே விளக்கப்பட்டு வருகிறது. கூட்டுத் தொழுகையின் நடைமுறை விதிகளை நுணுகி நோக்கினால், தலைவரும் பின்பற்றுவோரும், உள்ளூராரும் பயணியரும், வலியோரும் மெலியோரும் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் ஒழுங்கே அதன் உட்பொருள் என்பது விளங்கும். தமிழ் முஸ்லிம்களிடையே ‘ஜமாஅத்’ என்னும் ஒரே சொல் தொழுகைக் கூட்டத்தையும் ஊர் நிருவாக அமைப்பையும் குறிக்கிறது. முன்னதன் விதிகள் பின்னதற்கு எந்த அளவு வந்து சேர்ந்துள்ளன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. உள்ளூராரும் வெளியூர் நோயாளியரும் ஒருங்கே வாழும் புதுச்சேரி கோரிமேடு இவ்வாய்வுக்குரிய களச்சூழலாகக் கொள்ளப்படுகிறது.

குறிச்சொற்கள்: ஜமாஅத், கூட்டுத் தொழுகை, அணி, மஹல்லா, பயணி, கோரிமேடு, தமிழ் முஸ்லிம்கள்.

முன்னுரை

தமிழில் இஸ்லாமியக் கடமைகளுக்கு வழங்கும் பெயர்கள் தனித்தன்மை வாய்ந்தவை. உருது, இந்தி, வங்கம் ஆகிய மொழிகளில் ‘நமாஸ்’ என்னும் பாரசீகச் சொல் வழங்க, தமிழர் ‘தொழுகை’ என்றனர். அங்கெல்லாம் ‘ரோஸா’ எனப்படுவதை இங்கு ‘நோன்பு’ என்றனர். தொழும் இடத்தைப் ‘பள்ளி’, ‘பள்ளிவாசல்’ என்றனர். சமண, பௌத்தத் துறவியர் உறைவிடத்தைக் குறித்த பழஞ்சொல் புதிய சமயத்தின் வழிபாட்டிடத்திற்கும் பொருந்தி வந்தது. ஆனால் கூடித் தொழுவதைக் குறிக்க ‘ஜமாஅத்’ என்னும் அரபுச்சொல்லே நிலைத்தது. அதுவும் தொழுகையோடு நில்லாமல் ஊரையும் ஊராட்சியையும் குறிக்கும் சொல்லாக விரிந்தது. இவ்விரிவு தற்செயலானதா, தொழுகையின் இயல்பிலேயே வேர்கொண்டதா என்னும் வினா இக்கட்டுரைக்கு அடிப்படையாகிறது.

தமிழ் இஸ்லாமிய இலக்கியம் தொழுகையின் தோற்றத்தை விரிவாகப் பாடியுள்ளது. ஆலிப்புலவர் 1590ஆம் ஆண்டில் இயற்றிய மிகுராசு மாலை, தொழுகை கடமையாக்கப்பட்ட விண்ணேற்ற நிகழ்வைப் பொருளாகக் கொண்டது. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் நுபுவ்வத்துக் காண்டத்துள் தொழுகை வந்த வரலாற்றுக்கெனத் தனிப் படலமே உள்ளது. இவ்விலக்கியங்கள் பரவலாக ஆராயப்பட்டிருப்பினும், கூட்டுத் தொழுகையின் சட்டவிதிகளைச் சமூக ஒழுங்கோடு இணைத்து நோக்கும் தேவை இன்னும் உள்ளது.

1. சொல்லும் பொருளும்

‘ஒன்றுசேர்த்தல்’ என்னும் பொருளுடைய அரபு வேரிலிருந்து பிறந்தது ஜமாஅத். வெள்ளிக்கிழமைத் தொழுகையைக் குறிக்கும் ‘ஜுமுஆ’வும் அவ்வேரினதே. தமிழ் வழக்கில் ஜமாஅத் என்பது மூன்று பொருள்களில் வழங்குகிறது. “ஜமாஅத் கிடைத்ததா?” என்று கேட்டால் அன்றைய வேளைத் தொழுகையை இமாமுடன் சேர்ந்து தொழ வாய்த்ததா என்று பொருள். “எந்த ஜமாஅத்து?” என்று திருமணப் பேச்சின்போது கேட்டால் எந்தப் பள்ளிவாசலைச் சேர்ந்த குடும்பம் என்று பொருள். தப்லீக் ஜமாஅத், தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத் என்பவற்றில் அதே சொல் இயக்கத்தைக் குறிக்கிறது.

இம்மூன்றனுள் முதலாவது ஒவ்வொரு நாளும் ஐந்து முறை தோன்றி மறைவது. பாங்கொலி கேட்டு வந்தவர் எவரோ அவரே அதன் உறுப்பினர். இரண்டாவது நிலையானது, பதிவேடும் சந்தாவும் எல்லையும் உடையது. மூன்றாவது கொள்கையால் இணைந்தது. அது தனி ஆய்வுக்குரியது. முதலிரண்டுக்கும் இடையிலான உறவே இங்கு நோக்கத்தக்கது.

2. கூட்டுத் தொழுகையின் சட்டநிலை

திருக்குர்ஆன், குனிந்து வழிபடுவோருடன் சேர்ந்து குனியுமாறு பணிக்கிறது (2:43). போர்க்களத்தில் பகைவர் எதிரே நிற்கும் நிலையிலும் கூட்டுத் தொழுகையைக் கைவிடாது, படையை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவு காவல் நிற்க மற்றொரு பிரிவு தொழும் முறையை அது வகுத்துத் தருகிறது (4:102). தனித்துத் தொழுவதே போதுமானதெனில் அத்தகைய இடர்மிக்க ஏற்பாட்டுக்குத் தேவை எழுந்திராது. ஒவ்வொரு ரக்அத்திலும் ஓதப்படும் முதல் அத்தியாயமான அல்ஃபாத்திஹாவில் வணங்குவதும் உதவி தேடுவதும் தன்மைப் பன்மையிலேயே அமைந்துள்ளன. தனியே நின்று தொழுபவரும் ‘நாங்கள்’ என்றே பேசுகிறார்.

கூட்டுத் தொழுகை தனித்தொழுகையினும் 27 மடங்கு சிறந்தது என்று இப்னு உமர் (ரலி) வழி வந்த நபிமொழியும், 25 மடங்கு என்று வேறு சில அறிவிப்புகளும் குறிப்பிடுகின்றன. இவை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றவை. இவற்றைக் கொண்டு சட்ட அறிஞர்கள் வெவ்வேறு முடிவுகளுக்கு வந்தனர். ஹன்பலி மரபில் கூட்டுத் தொழுகை இயலும் ஆடவர் ஒவ்வொருவர்க்கும் கடமை. ஷாஃபிஈ மரபில் இமாம் நவவி ஏற்ற கருத்தின்படி அது சமூகக் கடமை. ஊரில் சிலர் நிறைவேற்றினால் ஏனையோர் பொறுப்பிலிருந்து நீங்குவர், எவருமே நிறைவேற்றாவிடின் ஊர் முழுதும் குற்றத்திற்குள்ளாகும். ஹனஃபி, மாலிகி மரபுகளில் அது வலியுறுத்தப்பட்ட நபிவழி. ஹனஃபி அறிஞருள் சிலர் அதனைக் கட்டாயத்திற்கு நெருக்கமாக வைத்தனர்.

இக்கருத்து வேறுபாடு தமிழகத்திற்குப் புறம்பானதன்று. சோழமண்டலக் கடற்கரையின் மரைக்காயர் ஊர்களில் ஷாஃபிஈ வழக்கும், உள்நாட்டு ராவுத்தர்களிடையிலும் தக்கினி பேசுவோரிடையிலும் ஹனஃபி வழக்கும் நிலைபெற்றுள்ளன. ஷாஃபிஈ மரபின் ‘சமூகக் கடமை’ என்னும் கருத்து தனிமனிதரையன்றி ஊரையே பொறுப்பாளியாக்குகிறது. பள்ளிவாசலைக் கட்டுவதும், பாங்கு சொல்ல மோதினாரை அமர்த்துவதும், இமாமுக்கு ஊதியம் அளிப்பதும் இதனால் ஊரின் கடனாகின்றன.

வெள்ளிக்கிழமைத் தொழுகையில் இவ்வேறுபாடு மேலும் துலங்கும். அன்றாடத் தொழுகைக்கு இருவர் சேர்ந்தால் ஜமாஅத் அமைந்துவிடும். ஜுமுஆவுக்கோ ஷாஃபிஈ மரபில் அவ்வூரில் நிலையாகக் குடியிருக்கும் 40 ஆடவர் வேண்டும். பயணிகள் அவ்வெண்ணிக்கையில் சேரார், எனினும் வந்து தொழுதால் அவர்தம் தொழுகை செல்லும். ஹனஃபி மரபில் இமாம் நீங்கலாக மூவர் போதும். ஊரில் ஓரிடத்திலேயே ஜுமுஆ நிகழ வேண்டும், தேவை ஏற்பட்டாலன்றிப் பிரித்தலாகாது என்பதும் ஷாஃபிஈ நிலைப்பாடு. இதனால்தான் கடற்கரை ஊர்களில் ஏனைய பள்ளிகளிலிருந்து ‘குத்பாப் பள்ளி’, ‘ஜுமுஆப் பள்ளி’ என்பன பெயராலேயே வேறுபடுத்தப்படுகின்றன. காயல்பட்டினத்தின் குத்பாப் பள்ளிகள் இதற்குச் சான்று.

இவ்விதிகளிலிருந்து ஒரு முடிவு பெறப்படும். அன்றாட அணி வந்தவரால் அமைவது. வெள்ளிக்கிழமைக் கூட்டம் குடியிருப்போரால் அமைவது. ஊர் ஜமாஅத் என்னும் நிலையான அமைப்புக்குரிய வித்து ஜுமுஆவின் விதியிலேயே உள்ளது. எனவே தமிழ்ச்சொல்லின் பொருள்விரிவு தற்செயலானதன்று.

3. அணியின் விதிகள் உணர்த்தும் பொறுப்பு

கூட்டுத் தொழுகையின் மதிப்பை எண்ணிக்கையால் மட்டும் அளப்பதினும் அதன் உள்ளமைப்பைக் காண்பது பயன்தரும். அரபியில் ‘ஸஃப்’ எனப்படும் அணியில் நிற்பவர்களுக்குச் சட்டநூல்கள் வகுத்துள்ள விதிகளை நான்கு கூறாகப் பகுக்கலாம்.

முதலாவது, மெலியோரின் அளவே கூட்டத்தின் அளவு. முஆத் (ரலி) என்னும் நபித்தோழர் இரவுத் தொழுகையில் நெடிய அத்தியாயத்தை ஓதியதால், பகலெல்லாம் உழைத்து வந்த ஒருவர் அணியை விட்டு விலகித் தனியே தொழுதார். முறையீடு வந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) கண்டித்தது விலகியவரையன்று, முஆதை. நோயாளி, முதியவர், அலுவலுள்ளவர் ஆகியோரைக் கருதித் தொழுகையைச் சுருக்குமாறு இமாம் அறிவுறுத்தப்படுகிறார். தனித்துத் தொழும்போது அவர் விரும்பிய அளவு நீட்டலாம். பின்னால் குழந்தை அழும் குரல் கேட்டு, அதன் தாயின் தவிப்பை எண்ணி நபிகள் நாயகம் (ஸல்) தம் தொழுகையைச் சுருக்கிய செய்தியும் உண்டு. பக்தியின் மிகுதி பிறர்க்குச் சுமையாகலாகாது என்பது இங்குச் சட்டமாகிறது.

இரண்டாவது, தலைவரைத் திருத்தும் கடமை. இமாமை முந்திக் குனிவதும் நிமிர்வதும் தடுக்கப்பட்டுள்ளன. எனினும் அவர் தவறினால் பின்நிற்பவர் வாளாவிருத்தலாகாது. ஓதலில் தடுமாறினால் எடுத்துக் கொடுக்க வேண்டும். செயலில் மறந்தால் ஆடவர் இறைவனைத் துதிக்கும் சொல்லாலும் பெண்டிர் கைதட்டியும் நினைவூட்ட வேண்டும். நான்கு ரக்அத் தொழுகையை நபிகள் நாயகம் (ஸல்) இரண்டில் முடித்துவிட்டபோது, அபூபக்கர், உமர் (ரலி) போன்ற பெருமக்கள் பேசத் தயங்கி நின்றனர். ‘துல்யதைன்’ என்னும் பட்டப்பெயருடைய எளியவர் ஒருவரே வினவினார். மற்றவர்களிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு எஞ்சியதை நபிகள் நாயகம் (ஸல்) நிறைவேற்றினார். இமாமின் மறதிக்காகச் செய்யும் ஸஜ்தாவை மறக்காதவர்களும் அவருடன் சேர்ந்து செய்கின்றனர். பின்பற்றுபவரின் மறதியையோ இமாமே ஏற்றுக்கொள்கிறார். அதற்கெனத் தனி ஸஜ்தா இல்லை. பிழை ஒருவருடையது, பொறுப்பு எல்லோருடையது என்னும் அறம் இதில் வெளிப்படுகிறது.

மூன்றாவது, பிந்தி வந்தவர்க்கும் இடம் உண்டு. ‘மஸ்பூக்’ எனப்படும் அவர் இமாம் எந்நிலையில் இருக்கிறாரோ அந்நிலையிலேயே சேர்கிறார். குனிந்திருக்கும்போது சேர்ந்துவிட்டால் அந்த ரக்அத் முழுமையும் அவர் கணக்கில் அடங்கும். தவறவிட்டதை இமாம் முடித்தபின் எழுந்து நிறைவு செய்கிறார். கூட்டம் அவருக்காக மறுபடி தொடங்குவதுமில்லை, அவரைப் புறத்தே நிறுத்துவதுமில்லை.

நான்காவது, இடத்திற்கு உரிமையாளர் இல்லை. முன்வந்தவர் முன்னணியில் நிற்பார். அமர்ந்திருப்பவரை எழுப்பிவிட்டு அவ்விடத்தில் அமர்வதும், பிறர் தோள்களைத் தாண்டி முன்செல்வதும் கடியப்பட்டுள்ளன. தலைமை ஏற்பவர்க்கு முதல் தகுதி ஓதலும் அறிவுமே. செல்வமும் பதவியும் அவ்வரிசையில் முதலிடம் பெறவில்லை. வரலாற்றில் இவ்விதி எப்போதும் காக்கப்பட்டதெனக் கூற இயலாது. உமய்யா ஆட்சியில் ஆட்சியாளரின் பாதுகாப்புக்கெனப் பள்ளிவாசலுக்குள் ‘மக்ஸூரா’ என்னும் தடுப்பிடம் அமைக்கப்பட்டது. அணியைப் பிரிக்கச் சுவர் தேவைப்பட்டது என்பதே அணியின் இயல்பைக் காட்டும்.

4. கோரிமேடு: பயணியும் நோயாளியும் கூடும் இடம்

மேற்கண்ட விதிகள் நூலறிவாக நில்லாமல் அன்றாடத் தேவையாக மாறும் இடங்கள் உண்டு. புதுச்சேரி நகரின் வடமேற்கே, திண்டிவனம் செல்லும் சாலையில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்த கோரிமேடு அத்தகையது. பிரெஞ்சு ஆட்சியில் 1823ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மருத்துவப் பள்ளியின் வழிவந்ததும், 1964ஆம் ஆண்டு முதல் இப்பெயரால் இயங்குவதும், 2008ஆம் ஆண்டில் தேசிய முதன்மை பெற்றதுமான ஜிப்மர் மருத்துவமனை இங்குள்ளது. ஒன்றியப் பகுதி மக்களேயன்றி விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை முதலிய மாவட்டத்தாரும் இதனை நாடி வருகின்றனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பகுதி மக்கள்தொகையில் முஸ்லிம்கள் 6.05 விழுக்காட்டினர்; எண்ணிக்கை 75,556. மருத்துவமனைப் பகுதிக்கு வரும் வெளியூர் முஸ்லிம்கள் இக்கணக்கிற்கு அப்பாற்பட்டவர்கள்.

இஸ்லாமியச் சட்டத்தில் பயணி நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம். ஹனஃபி மரபில் இச்சுருக்கம் கட்டாயம். ஷாஃபிஈ மரபில் சலுகை. இதற்குரிய தொலைவை இந்திய ஹனஃபி அறிஞர் 48 மைல், அதாவது ஏறத்தாழ 77 கிலோமீட்டர் எனக் கொள்வர். ஷாஃபிஈ கணக்கும் சிறு வேறுபாட்டுடன் 80 கிலோமீட்டரை ஒட்டியே அமையும். விழுப்புரத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கடந்து வருபவர் இவ்வகையில் பயணியாகார். திருவண்ணாமலையிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் கடந்து வருபவர் பயணியாவார். ஒரே ஒன்றியப் பகுதியைச் சேர்ந்ததாயினும் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காரைக்காலிலிருந்து வருபவரும் கோரிமேட்டில் பயணியே.

தங்கும் காலமும் கருதப்படுகிறது. ஹனஃபி மரபில் 15 நாளுக்குக் குறைவாகத் தங்க எண்ணியவர் பயணி. ஷாஃபிஈ மரபில் வரும் நாளும் செல்லும் நாளும் நீங்கலாக 4 நாள் தங்க எண்ணினால் பயணநிலை முடிந்துவிடும். நோயாளியுடன் இருப்பவர்க்கு இக்கணக்கு எளிதில் கைகொடுப்பதில்லை. மருத்துவர் என்று அனுப்பிவைப்பார் என்பது அவருக்குத் தெரியாது. “நாளை போய்விடலாம்” என்று நாள்தோறும் எதிர்நோக்கி இருப்பவர் மாதக்கணக்கில் தங்க நேர்ந்தாலும் பயணியே என்கிறது ஹனஃபி சட்டம். ஷாஃபிஈ சட்டம் அத்தகையவர்க்கு 18 நாள்வரை இடமளிக்கிறது. பழங்கால வணிகரையும் படைவீரரையும் கருதி வகுக்கப்பட்ட விதி மருத்துவமனை வாயிலில் காத்திருப்பவருக்குப் பொருந்திவருவது கருதத்தக்கது.

இனி, பயணியும் உள்ளூராரும் ஒரே அணியில் நிற்கும்போது நிகழ்வதைக் காண்போம். பயணி, உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் தமக்குரிய சுருக்கத்தை விட்டு நான்கு ரக்அத்தும் தொழுகிறார். பயணி இமாமாக நின்றால் இரண்டோடு முடித்து, தாம் பயணி என்பதை அறிவிக்கிறார். பின்நிற்கும் உள்ளூரார் எழுந்து எஞ்சிய இரண்டைத் தாமே நிறைவு செய்கின்றனர். முன்னதில் வந்தவர் ஊராரின் அளவை ஏற்கிறார். பின்னதில் ஊரார் வந்தவரின் தலைமையை ஏற்று, தம் கடமையையும் குறைவின்றி முடிக்கின்றனர். வேறுபாட்டை மறைக்காமலே ஒன்றுபடும் முறை இது.

மரபு வேறுபாடும் இவ்வாறே ஏற்கப்படுகிறது. சுபுஹுத் தொழுகையில் ஷாஃபிஈ இமாம் குனூத் ஓதும்போது பின்நிற்கும் ஹனஃபி அமைதியாக நிற்கிறார். இமாமின் ஓதல் ஹனஃபிக்குப் போதுமானது. ஷாஃபிஈயோ ஃபாத்திஹாவைத் தாமும் ஓதிக்கொள்கிறார். கடற்கரை ஊராரும் உள்நாட்டாரும் கலந்து நிற்கும் பள்ளிகளில் இது வியப்புக்குரியதன்று.

நோயாளியும் அணிக்குப் புறம்பானவர் அல்லர். நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் படுத்தும், அதுவும் இயலாதவர் சைகையாலும் தொழலாம். நிற்கும் இமாமின் பின் அமர்ந்து தொழுபவரின் தொழுகை முழுமையானதே. அதனினும் குறிப்பிடத்தக்கது, பராமரிப்பவர்க்குச் சட்டம் தரும் இடம். நோயாளியைக் கவனிக்க வேறெவரும் இல்லாதபோது கூட்டுத் தொழுகைக்கும் ஜுமுஆவுக்கும் செல்லாதிருப்பது ஏற்கத்தக்க காரணம் எனச் சட்டநூல்கள் பட்டியலிடுகின்றன. நோயாளிக்கு அருகில் இருப்பதும் கூட்டப் பொறுப்பின் ஒரு வடிவமே என இதனைக் கொள்ளலாம்.

5. மஹல்லா ஜமாஅத்: அணியின் நீட்சி

தமிழகத்திலும் புதுச்சேரியிலும் மஹல்லா ஜமாஅத் என்பது பள்ளிவாசலை நடுவாகக் கொண்ட குடும்பங்களின் தொகுதி. முத்தவல்லியும் நிருவாகக் குழுவும் அதனை நடத்துவர். நிக்காஹ் பதிவேட்டைப் பேணுதல், மணமக்களின் ஊர் ஜமாஅத்துக்குத் தடையின்மைக் கடிதம் அளித்தல், மையவாடியில் அடக்கத்திற்கு இடம் ஒதுக்குதல், இமாம், மோதினார் ஊதியத்திற்குச் சந்தா திரட்டுதல், ரமலானில் நோன்புக் கஞ்சி காய்ச்சி வழங்குதல் ஆகியன அதன் பணிகள். நோன்புக் கஞ்சிக்கெனத் தமிழ்நாட்டு அரசு பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்கி வருவது இவ்வமைப்பின் பொது ஏற்புக்குச் சான்று.

அணியின் சில பண்புகள் இங்குத் தெளிவாகத் தொடர்கின்றன. இறந்தவர்க்குரிய ஜனாஸாத் தொழுகை சமூகக் கடமை. மஹல்லாவில் உறவற்று இறந்த வெளியூராரையும் குளிப்பாட்டி, தொழுது, அடக்கம் செய்வது ஊரின் பொறுப்பாகிறது. கஞ்சிப் பாத்திரத்துடன் வருபவரிடம் சந்தா கட்டியவரா என வினவுவது வழக்கமன்று.

ஆயினும் அணிக்கும் பதிவேட்டுக்கும் இடையே வேறுபாடு உண்டு. அணியில் இடம்பெற வந்து நிற்றல் போதும். பதிவேட்டில் இடம்பெறக் குடியிருப்பும் பரிந்துரையும் சந்தாவும் வேண்டும். அணியில் இமாமைத் திருத்துதல் கடமை. நிருவாகத்தில் முத்தவல்லியிடம் கணக்குக் கேட்பவர் பகைவராகக் கருதப்படுதல் உண்டு. அணியிலிருந்து ஒருவரை விலக்கும் அதிகாரம் எவர்க்கும் இல்லை. மஹல்லாக்களில் ‘ஊர்விலக்கு’ என்னும் தண்டனை வழங்கி வந்துள்ளது. பள்ளிவாசலை மையமாகக் கொண்ட ஊரில் செல்வக் குடும்பம் ஒன்று செலுத்தும் ஆதிக்கத்தைத் தோப்பில் முஹம்மது மீரான் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988) நாவலில் சித்திரித்துள்ளார். தொழுகையில் தோளோடு தோள் நின்றவர்கள் பள்ளியை விட்டு வெளியேறியதும் ஏற்றத்தாழ்வுக்குத் திரும்புவதே அந்நாவல் எழுப்பும் சிக்கல் எனலாம்.

அணியின் சமத்துவத்தை நம்பி வந்தவர்களின் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. 1981ஆம் ஆண்டு பிப்ரவரியில் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் ஏறத்தாழ 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. தீண்டாமையிலிருந்து விடுதலை பெறுதல் அம்மாற்றத்திற்கான காரணங்களுள் முதன்மையாகப் பேசப்பட்டது. ஒருவர் அணியில் நிற்பதற்கு ஒரு வேளை போதும். மணவுறவிலும் நிருவாகத்திலும் அதே இடம் பெறுவதே அணியின் வாக்குறுதி நிறைவேறியதற்கு உண்மையான அளவுகோல்.

6. பெண்களும் ஜமாஅத்தும்

அணிக்கும் அமைப்புக்கும் உள்ள தொடர்பு பெண்கள் நிலையில் மிகக் கூர்மையாக வெளிப்படுகிறது. நபிகள் நாயகத்தின் (ஸல்) காலத்தில் மதீனாப் பள்ளிவாசலில் பெண்கள் ஆடவர்க்குப் பின்னணியில் தொழுதனர். பள்ளிக்கு வரும் பெண்களைத் தடுக்கலாகாது என்னும் நபிமொழியும் உண்டு. வீட்டில் தொழுவதே அவர்க்குச் சிறந்தது என்னும் அறிவிப்புகளைக் கொண்டு பிற்காலச் சட்ட அறிஞர், குறிப்பாக ஹனஃபி மரபினர், பெண்கள் பள்ளிக்குச் செல்வதை ஊக்குவிக்கவில்லை. பெண்கள் தமக்குள் கூடித் தொழுவதை ஷாஃபிஈ மரபு விரும்பத்தக்கதாகக் கொள்கிறது. பெண் இமாம் முதல் அணியின் நடுவிலேயே நிற்பார். காயல்பட்டினத்தில் பெண்களுக்கென்றே தைக்காக்கள் அமைந்திருப்பது இம்மரபோடு இயைந்தது. அண்மைக் காலத்தில் தவ்ஹீத் இயக்கத்தார் நடத்தும் பள்ளிகள் பலவற்றில் பெண்களுக்கு இடம் ஒதுக்கப்படுகிறது.

புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் தலைமையில் தோன்றிய தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத் இச்சிக்கலை வேறொரு தளத்தில் எழுப்பியது. மணமுறிவு, மஹர், வன்முறை தொடர்பான வழக்குகளை ஊர் ஜமாஅத் பள்ளிவாசலில் கூடி விசாரிக்கிறது. பள்ளிக்குள் பெண்களுக்கு இடமில்லாததால் அவர்கள் வழக்கு அவர்களின்றியே தீர்க்கப்படுகிறது என்பது அவ்வமைப்பின் முறையீடு. பெண்களுக்கெனத் தனிப் பள்ளிவாசல் கட்டும் முயற்சியும் இம்முறையீட்டின் விளைவே. தீபா தன்ராஜ் 2011ஆம் ஆண்டில் இவ்வமைப்பைப் பற்றி ஆவணப்படம் எடுத்துள்ளார்.

இம்முறையீட்டில் ஓர் ஆழ்ந்த கருத்து பொதிந்துள்ளது. பெண் பள்ளியில் தொழ வேண்டுமா என்பதைச் சட்ட அறிஞர் நன்மையின் அளவு பற்றிய வினாவாகவே நோக்கினர். பள்ளி நீதிமன்றமாகவும் செயற்படும் ஊரில் அதே வினா நீதி பற்றியதாகிவிடுகிறது. அணியில் இடமில்லை என்பது விசாரணையில் குரலில்லை என்பதாக நீள்கிறது. தொழுகைக்காக வகுக்கப்பட்ட சலுகை, தொழுகையல்லாத ஒன்றில் விலக்காக மாறுவதே இங்குள்ள முரண். 2016ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் பள்ளிவாசல் வளாகங்களில் நீதிமன்றம்போல் இயங்கும் அமைப்புகளைத் தடுக்குமாறு ஆணையிட்டதும் இத்தொடர்பில் நினைக்கத்தக்கது.

7. செல்லுபடியும் சிறப்பும்

“தொழுகையை எங்கும் தொழலாம் எனில் கூட்டமும் பள்ளியும் எதற்கு?” என்னும் வினா அண்மைக்கால வரலாற்றில் இருமுறை வலுவாக எழுந்தது.

முதலாவது சட்டத்தின் வழி எழுந்தது. 1994ஆம் ஆண்டு இஸ்மாயில் ஃபாரூக்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், பள்ளிவாசல் இஸ்லாமிய வழிபாட்டின் இன்றியமையாக் கூறன்று, தொழுகையைத் திறந்தவெளியிலும் நிறைவேற்றலாம் என்று கருதியது. இதனைப் பெரிய அமர்வு மறுஆய்வு செய்ய வேண்டும் என்ற கோரிக்கையை 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் பெரும்பான்மைத் தீர்ப்பு ஏற்கவில்லை. நிலம் கையகப்படுத்தும் சூழலில் கூறப்பட்டதே அக்கருத்து என அது விளக்கியது. இஸ்லாமியச் சட்டமரபு ‘செல்லுபடி’யையும் ‘சிறப்பை’யும் வேறுபடுத்துகிறது. தூய இடம் எதிலும் தொழுகை செல்லும் என்பது முன்னதற்கான விடை. பின்னது, நாள்தோறும் ஒரே இடத்தில் ஒரே அண்டை வீட்டாருடன் கூடுவதால் விளைவது. முன்னதை மட்டும் கொண்டு பின்னதை அளத்தல் பொருந்தாது.

இரண்டாவது பெருந்தொற்றுக் காலத்தில் எழுந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வர, பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. குவைத்தில் பாங்கின் அழைப்புச் சொற்களுக்கு ஈடாக வீடுகளில் தொழுமாறு அறிவிக்கப்பட்டது. மழைக்காலத்தில் அவ்வாறு அறிவித்த பழைய முன்னுதாரணம் அதற்கு ஆதாரமானது. ஜுமுஆவுக்கு ஈடாக வீடுகளில் லுஹர் தொழப்பட்டது. அவ்வாண்டு ரமலானின் தராவீஹும் வீட்டிற்குள்ளேயே நிகழ்ந்தது. ஒளிபரப்பாகும் இமாமைத் தொலைவிலிருந்து பின்பற்றுவதைப் பெரும்பாலான அறிஞர் ஏற்கவில்லை. குரல் எட்டினால் போதாது, அணி இடத்தால் தொடர்ந்திருக்க வேண்டும் என்பதே காரணம். தீங்கு தவிர்க்கக் கூட்டத்தைக் கைவிடலாம். ஆனால் கூட்டத்திற்குப் போலி வடிவம் தரலாகாது என்னும் நிலைப்பாடு இதில் புலப்படுகிறது. பிறர் நலனுக்காக அணியைக் கலைத்ததும், பராமரிப்பவர்க்கு விலக்களிக்கும் விதியும் ஒரே அடிப்படையில் நிற்பவை.

முடிவுரை

கூட்டுத் தொழுகையின் சிறப்பாகக் கூறப்படும் 27 மடங்கு, ஒருவர் தனியே ஈட்டும் நன்மையின் பெருக்கம் மட்டுமன்று. மெலியவரின் அளவுக்கு இசைதல், தலைவரைத் திருத்தல், பிந்தியவரை ஏற்றல், வந்தவரைத் தம்மவராக்குதல் ஆகிய நான்கு ஒழுக்கங்களை நாளுக்கு ஐந்து முறை உடலால் பயிலும் பயிற்சியே அச்சிறப்பின் உள்ளீடு. கோரிமேட்டைப் போல உள்ளூராரும் வெளியூராரும், நலமுடையாரும் நோயுற்றாரும் அருகருகே வாழும் இடங்களில் இவ்வொழுக்கங்கள் சட்டநூலின் நுட்பங்களாக நில்லாமல் வாழ்க்கைத் தேவைகளாகின்றன.

தமிழில் ஜமாஅத் என்னும் சொல் அணியிலிருந்து ஊருக்கு விரிந்தது, ஊர் அணியின் விதிகளால் இயங்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பையும் உடன்கொண்டே விரிந்தது எனலாம். எனவே மஹல்லா ஜமாஅத்தை மதிப்பிட வெளியிலிருந்து அளவுகோல் தேட வேண்டியதில்லை. அங்குக் கணக்குக் கேட்கப்படுகிறதா, புதிதாக வந்தவர்க்கு இடமுண்டா, எளியவர் வேகத்திற்கு ஊர் இசைகிறதா, வழக்கில் பெண்ணின் குரல் கேட்கப்படுகிறதா என்னும் வினாக்கள் அணியின் விதிகளிலிருந்தே பிறப்பவை. இவ்வினாக்களோடு தமிழக, புதுச்சேரி மஹல்லாக்களின் பதிவேடுகளையும் நடைமுறைகளையும் ஆராய்வது அடுத்த கட்ட ஆய்வுக்குரிய பணியாகும்.